வரையப்படாத ஏரி: சென்னை ஓவியர்களும் இயற்கையும்

ஈஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டிய மணல்வெளியில் 1966-இல் சில ஓவியர்கள் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்றார். அவருடைய மாணவர்களும் நண்பர்களும் முப்பதுக்கும் மேற்பட்டோர் கூட வந்தார்கள். பாத்திக் துணிகளில் படம் தீட்டி விற்ற காசில் வாங்கிய இடம் அது. கூரைக் கொட்டகை, சவுக்குத் தோப்பு, உப்புக் காற்று, எழுந்ததும் கண்ணில் படும் வங்கக் கடல் என்று தொடங்கிய அந்த வாழ்க்கைதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆயிற்று. அன்றைக்கு அந்த ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று சென்னை மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது.

இத்தனை வருடம் கடலோரம் குடியிருந்தவர்களின் படங்களில் கடல் எங்கே இருக்கிறது? தேடத்தான் வேண்டும். அலை, கட்டுமரம், வலை, விடியல் என்று பயணிகள் வாங்கிப்போகும் படங்களைச் சொல்லவில்லை. அவை மாமல்லபுரம் கடைத்தெருவில் நிறையவே கிடைக்கின்றன. இந்திய நவீன ஓவியத்தில் சோழமண்டலத்துக்குப் பெயர் வாங்கித் தந்த படங்களைச் சொல்கிறேன். அவற்றில் எழுத்து உண்டு, யந்திரக் கோடு உண்டு, காளை உண்டு, பாம்பு உண்டு, தெய்வ உருவம் உண்டு. ஆனால் வாசலில் இருந்த கடல் கடலாக ஏறக்குறைய இல்லை. அப்படியிருந்தும், கண்காட்சிக் கையேடு எதை எடுத்தாலும் இந்த ஓவியர் இயற்கையிலிருந்து ஊக்கம் பெற்றவர் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்புவதா, விடுவதா?

ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது, அப்படியே விழுங்கவும் முடியாது. நான் ஓர் அளவுகோல் வைத்துக்கொள்கிறேன். படத்தில் மரம் தெரிகிறதா என்று பார்ப்பதைவிட, மரத்தைப் பற்றி அந்தப் படத்துக்கு என்ன தெரியும் என்று கேட்பது பயனுள்ளது. அந்தக் கேள்வியோடு செங்கல்பட்டுச் சீமையின் பழைய கலையிலிருந்து இன்றுவரை வந்தால் சில பெரிய பெயர்கள் சற்றுச் சிறுத்துப்போகும், பெயரே தெரியாத சிலர் எழுந்து நிற்பார்கள்.

முதலில் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படும் அந்தப் பாறைச் சிற்பம் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. ஏறத்தாழ 30 மீட்டர் அகலம். பாறையின் நடுவே இயற்கையாக இருந்த வெடிப்பைச் சிற்பி மறைக்கவில்லை. அதையே ஆறாக்கி, நாகங்களை நீந்தவிட்டிருக்கிறான். யானைகளை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். அவசரப்படாமல் நின்றால் கோயிலுக்குக் கீழே ஒரு மான் கண்ணில் படும். பின்னங்காலைத் தூக்கி வளைத்து, குளம்பு நுனியால் முகத்தைச் சொறிந்துகொள்கிறது. அந்தக் கால் எந்த இடத்தில் மடியும், கழுத்து எவ்வளவு திரும்பிக் கொடுக்கும், உடல் எடை எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் மானைப் பல நாள் பார்த்தவனுக்குத்தான் தெரியும். யானையின் காலடியில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் பூனையும், அதை நம்பி வந்து நிற்கும் எலிகளும் கிண்டல். மான் கிண்டல் இல்லை, பார்த்துத் தெரிந்துகொண்டது. பக்கத்தில் கிருஷ்ண மண்டபத்துப் பசு, பால் கறக்கும் நேரத்தில் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. மாடு வைத்திருக்கும் எவரும் அந்த நாக்கின் நீளத்தைச் சரி என்றுதான் சொல்வார்கள்.

ஓவியத்தில் இதற்குச் சமமாகத் தமிழ்நாட்டில் எஞ்சியிருப்பது சித்தன்னவாசல் குகையின் விதானம். புதுக்கோட்டைக்கு அருகில் இருக்கும் அந்தச் சமணக் கோயிலில் ஒரு தாமரைக் குளமே கூரையில் விரிந்திருக்கிறது. மீன், வாத்து, எருமை, யானை, பூப் பறிக்கும் ஆட்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கரை இல்லை, அடிவானம் இல்லை. குளத்துக்குள் இறங்கி நின்று பார்ப்பதுபோல் இலையும் பூவும் நம்மைச் சுற்றி எழுகின்றன. மொட்டு, பாதி மலர்ந்தது, முழுதாக விரிந்தது, இதழ் கவிழ்ந்தது என்று தாமரையின் ஒவ்வொரு பருவமும் தனித்தனியாகத் தெரிகிறது. நீர்நிலையைப் பற்றித் தமிழ் நிலத்தில் வரையப்பட்ட படங்களில் இதை மிஞ்சியது பிறகு வரவில்லை என்பது என் எண்ணம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

அடுத்து வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். தாமஸ் டேனியலும் அவர் சகோதரரின் மகன் வில்லியமும் 1792–93-இல் தென்னாட்டைச் சுற்றினார்கள். மாமல்லபுரத்துப் பாறைகளும் அவர்கள் அச்சிட்ட பெருந்தொகுப்பில் இடம்பெற்றன. அழகான படங்கள், மறுக்க முடியாது. ஆனாலும் எல்லாம் ஒரே சூத்திரம்: ஓரத்தில் ஒரு மரம், நடுவே ஒரு சிதைவு, அளவு காட்ட இரண்டு உள்ளூர் ஆட்கள், பின்னால் மங்கலான வானம். தூரத்திலிருந்து பார்த்து மெச்சிவிட்டுப் போகிறவரின் இயற்கை அது. இந்தச் சூத்திரம் கலைப் பள்ளிக்குள் புகுந்து ‘லேண்ட்ஸ்கேப்’ என்ற பாடமாகி, இருபதாம் நூற்றாண்டில் நம் ஓவியர்கள் அதை உதறித்தள்ளும்வரை நிலைத்தது. உதறியவர்கள் சூத்திரத்தோடு நிலத்தையும் உதறிவிட்டார்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

அதே காலத்தில் சென்னையில் இன்னொரு விதமாகவும் பார்த்தவர் ஒருவர் இருந்தார். நீதிபதியின் மனைவியாக 1801-இல் வந்த எலிசபெத் க்விலிம், 1807-இல் இங்கேயே இறக்கும்வரை பறவைகளை வரைந்தார். பறவை பிடிப்பவர்கள் உயிரோடு கொண்டுவந்து கொடுக்க, பலவற்றை உயிர் அளவிலேயே தீட்டினார். அமெரிக்கப் பறவை ஓவியர் ஆடுபானுக்கு முன்பே செய்த வேலை. அவருடைய 121 நீர்வண்ணப் படங்கள் இப்போது மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சென்னைப் பறவைகள் கனடாவில்!

ரங்கையா, கோவிந்து என்ற இருவரின் கதை இதைவிட முக்கியமானது. தாவரவியலாளர் ராபர்ட் வைட்டிடம் ஒருவருக்குப் பின் ஒருவராக வேலை பார்த்த இந்திய ஓவியர்கள் இவர்கள். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட ‘ஐகோனஸ்’ தொகுப்பில் மட்டும் 2101 படத்தகடுகள். அவற்றில் பெரும்பகுதிக்கு மூலம் இவர்கள் வரைந்தவை. காம்பு தண்டோடு சேரும் கணு, இலையின் அடிப்புறத்து நரம்பு, சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் அறைகள் என்று கண் எட்டும்வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைட் வைத்தார். பின்னாளில் அந்தப் பேரினம் வேறொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டது. எடின்பரோ தாவரவியல் பூங்காவில் ஹென்றி நோல்டி என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் உழைத்த பிறகே இந்த இருவரும் கலைஞர்களாக மறுபடி பேசப்பட்டார்கள். நம் கலை வரலாற்று நூல்களில் இவர்களுக்குப் பத்தி ஒன்றுகூட ஒதுக்கப்படுவதில்லை. கம்பெனிக்காரனுக்குக் கூலிக்கு வரைந்தவர்கள், அதனால் கலைஞர்கள் இல்லை என்று ஒரு வாதம் உண்டு. பல்லவனிடம் உளி பிடித்தவனும் கூலிதானே வாங்கியிருப்பான்.

இனி கல்லூரி. தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை முதல்வர். அவருக்குப் பின் பணிக்கர், 1967 வரை. பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளமை பொன்னானிப் பக்கத்துக் கேரளக் கடலோரத்தில் கழிந்தது. ஓவியராக அவர் தொடங்கியதே நிலக்காட்சியில்தான். தென்னை, கழி, படகு, ஈர வெளிச்சம் எல்லாம் நீர்வண்ணத்தில் வேகமாகக் கைக்கு வந்தன. அந்த ஆரம்பப் படங்களைப் பார்த்தால் மழைக்கு முந்தைய பச்சைக்கும் பிந்தைய பச்சைக்கும் வித்தியாசம் தெரிந்த கை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே கை 1963-இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்குப் போனது. ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். எண், கோடு, வட்டம், சாதகக் கட்டம், வாசிக்க முடியாத எழுத்து, நடுவே ஒரு மீன், ஒரு பறவை, சுருண்ட பாம்பு. இந்தப் படங்களை வெறும் அறிவு விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பின்னணியாக வரும் அந்த வெளிறிய மஞ்சளையும் மண் நிறத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் பழைய சுவரும் வெயில் குடித்த மணலும் நினைவுக்கு வரும். நிலம் போய்விடவில்லை; தரையாக இறங்கி மேலே எழுத்து ஏற இடம் கொடுத்திருக்கிறது. ஆனாலும் என் அளவுகோலை வைத்தால் பதில் பாதகமாகத்தான் வரும். அந்த மீனுக்குத் தண்ணீர் தெரியாது. அது ராசிச் சக்கரத்து மீன்.

ஏன் இப்படி ஒரு திருப்பம் நேர்ந்தது என்பதற்கு அன்றைய சூழலே காரணம். மேலை நாட்டு நவீனத்தின் நகலாக இருக்கக் கூடாது, இந்தியத் தன்மை வேண்டும் என்ற தேடல் அறுபதுகளின் சென்னையில் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தியத் தன்மையைக் கோடு, எழுத்து, தாந்திரீகச் சின்னம், கிராமியப் பொம்மை ஆகியவற்றில் தேடினார்கள். நிலக்காட்சி ஆங்கிலேயன் கற்றுத்தந்த பாடம். ஆகவே அது போயிற்று. சுல்தான் அலி பழங்குடி மரபின் காளைகளை எடுத்துக்கொண்டார், ஹரிதாசன் யந்திரத்தை எடுத்துக்கொண்டார், ரெட்டப்ப நாயுடு தெய்வங்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் சாதனை உண்டு. ஆனால் இந்தத் தேடல் முழுவதும் கோயில், ஏடு, அருங்காட்சியகம் ஆகியவற்றின் வழியாகவே நடந்தது. வயல் வரப்பின் வழியாகப் போனவர்கள் குறைவு.

குறைவு என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. டி.கே. பத்மினியை இங்கே நினைக்க வேண்டும். பொன்னானிப் பக்கத்துப் பெண், 1940-இல் பிறந்தவர், பணிக்கரின் மாணவி. பிரசவத்தில் 1969-இல் இறந்தபோது முப்பது வயது நிரம்பவில்லை. அவருடைய படங்களில் குன்றும் மரக்கூட்டமும் சர்ப்பக் காவும் பின்னணியாக நிற்பதில்லை. பெண்ணின் தனிமையும் அச்சமும் அந்த இருண்ட பச்சைக்குள்தான் குடியிருக்கின்றன. பச்சையை எடுத்துவிட்டால் பெண்ணும் போய்விடுவாள். நம் அகப்பாட்டுக்காரர்கள் நிலத்தையும் மனத்தையும் பிரிக்காமல் வைத்த வைப்பு, அந்த வகுப்பிலிருந்து வந்த வேறு எவரையும்விட இவரிடம்தான் தெளிவாகத் தெரிகிறது. திணைக் கோட்பாட்டை எந்த ஓவியத்தின் மேலும் போர்த்திவிடலாம் என்ற வழக்கம் நம் விமர்சகர்களிடம் இருக்கிறது. நான் அதில் கொஞ்சம் கஞ்சனாக இருக்க விரும்புகிறேன். பத்மினிக்கு மட்டும் கொடுக்கலாம்.

இயற்கையை ஒற்றைப் பொருளாகப் பிடித்துக்கொண்டு நீண்ட காலம் உழைத்தவர் எஸ்.ஜி. வாசுதேவ். மைசூரில் 1941-இல் பிறந்து, சென்னைக் கல்லூரியில் படித்து, சோழமண்டலத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பிறகு பெங்களூருக்குப் போனார். ‘சம்ஸ்காரா’ கன்னடப் படத்துக்குக் கலை இயக்குநரும் அவர்தான். அவருடைய ‘விருட்சம்’ வரிசையில் மரம் என்பது ஒரு முழு உலகம். கிளை கொடியாகிறது, கொடி பறவையாகிறது, பறவைக்குள் ஒரு முகம் தெரிகிறது. எண்ணெய் வண்ணத்தில் மட்டுமின்றிச் செம்புத் தகட்டில் தட்டியெடுத்தும் இதே மரத்தைச் செய்தார். கோடுகள் ஒன்றோடொன்று பின்னிப்போகும் விதத்தில் அடர்ந்த ஒரு மரத்தை அண்ணாந்து பார்க்கும் அனுபவம் கிடைக்கிறது. ஆனால் அது என்ன மரம்? ஆலா, அரசா, புன்னையா? சொல்ல முடியாது, அது கற்பக மரம். புராணத்திலிருந்தும் கன்னடக் கவிதையிலிருந்தும் முளைத்தது. வாசலில் இருந்த சவுக்குக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. சவுக்குக்குப் புராணம் கிடையாது, பாவம். நட்டு, வெட்டி, சாரத்துக்கும் பந்தலுக்கும் அடுப்புக்கும் போகிற மரம்.

கே.எம். ஆதிமூலத்திடம் வரும்போது கணக்கு வேறு மாதிரி. திருச்சி மாவட்டம் துறையூர் அருகே கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர், சோழமண்டலத்தில் குடியேறாதவர். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-இல் வரைந்த கோட்டோவியங்களால் பெயர் பெற்றார். சிறுபத்திரிகைகளின் அட்டையையும் எழுத்துருவையும் மாற்றியவர். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது கூடவே வந்த அவர் படங்களைப் பலர் வெட்டி வைத்திருப்பார்கள். முள்மரம், வறண்ட மேடு, தலைப்பாகைக் கிழவர் என்று கறுப்பு மையில் அவர் கீறிய கோடுகளுக்குக் கரிசல் மண்ணின் வெடிப்பு தெரியும். வளைந்து ஓடாமல் உடைந்து உடைந்து போகும் கோடு அது.

பிற்காலத்தில் அவர் கோட்டை விட்டு வண்ணத்துக்குப் போனார். பெரிய கான்வாஸ். கத்தியால் இழுத்த எண்ணெய் வண்ணம், அடுக்கடுக்காக. காவி ஒரு பட்டை, அதன் கீழ் பாசி நிறம், இடையில் வெள்ளை கீறிக்கொண்டு வெளிவரும் ஓர் ஒளி. உருவம் எதுவும் கிடையாது. இருந்தும் பார்த்த மாத்திரத்தில் நிலம் என்று மனம் சொல்லிவிடுகிறது. அறுவடை முடிந்த தாளடியும், தண்ணீர் வடிந்த சேறும், மழைக்கு முன் கறுக்கும் மேற்கும் அதில் உண்டு என்று சத்தியம் செய்ய முடியாது. பார்த்து வளர்ந்தவனுக்குத் தட்டுப்படும். வேளாண்மைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த கண் நாற்பது ஆண்டு கழித்து நகரத்து ஸ்டுடியோவில் எடுத்துக் கொடுத்தவை அவை. அரூபம் என்பதாலேயே இயற்கையிலிருந்து விலகியது என்று சொல்வது தவறு என்பதற்கு ஆதிமூலமே போதும். 2008 ஜனவரியில் அவர் காலமானார்.

இதே பாதையில் இன்னும் தூரம் போனவர் அச்சுதன் கூடல்லூர். 1945-இல் பாரதப்புழைக் கரையில் கூடல்லூரில் பிறந்தவர். மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரின் ஊரும் அதுதான். சென்னைக்கு வந்து பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில் ஓவியம் பயின்றார். தேசிய விருது 1988-இல் வந்தது. மறைந்தது 2022 ஜூலையில். அவருடைய சிவப்பையும் நீலத்தையும் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஆற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. அந்த வண்ணங்கள் வண்ணங்களாகவே போதுமான வலிமை உள்ளவை. ஆற்றின் சிபாரிசு தேவையில்லை. கையேட்டு வரியை நம்பாமல் விடவேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். அவர் வேலை பார்த்த அதே துறைதான் அந்நாளில் மாநிலத்தின் ஏரிகளையும் கவனித்துக்கொண்டிருந்தது என்பது சும்மா ஒரு தகவல்.

காலரிக்கு வெளியே என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான தமிழர்களுக்கு இயற்கை ஓவியம் என்றால் தினசரி காலண்டரும் புகைப்பட ஸ்டுடியோத் திரையும்தான். சென்னைக் கலைப் பள்ளியில் பயின்ற கொண்டைய ராஜு கோவில்பட்டியிலிருந்து தொடங்கிவைத்த பாணியில் முருகனுக்கும் லட்சுமிக்கும் பின்னால் ஒரு நீர்நிலை கட்டாயம் இருக்கும். தாமரை, அன்னம், தூரத்து மலை, பனிமூட்டம். நாடகத் திரை வரைந்து பழகிய கைகள் அவை. அந்த ஏரி எந்த ஊரிலும் இல்லை, இருந்தாலும் எல்லா வீட்டிலும் தொங்கியது. நவீன ஓவியர்கள் நிலக்காட்சியைக் கண்டு முகம் சுளித்ததற்கு டேனியல் ஒரு காரணம் என்றால் காலண்டர் இன்னொரு காரணம்.

இன்றைய நிலை? மனோகர் தேவதாஸ் பார்வை குறைந்துகொண்டே போன காலத்திலும் மதுரையின் ஆனைமலையையும் வைகையையும் பேனாவால் புள்ளி புள்ளியாக வரைந்துவிட்டு 2022-இல் மறைந்தார். நினைவில் இருந்து எடுத்து வரைந்த இயற்கை என்பதால் அது தனி வகை. தேவகோட்டையில் 1957-இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் அச்சோவியத்தில் நிலத்தை ஆகாயத்திலிருந்து பார்த்தார். கோடு, எண், பயணத் தடம். விமானம் சென்னையில் இறங்கும்போது கீழே ஏரிகள் வெள்ளித் தகடுகளாக மின்னுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பார்வை புரியும். பார்வதி நாயர் கிராஃபைட் பென்சிலில் தண்ணீரையும் அதன் நுண்ணுயிரையும் மிக நெருக்கமாகப் போய் வரைகிறார். 2014 கொச்சி பினாலேயில் அவர் படைப்பு இடம்பெற்றது. ஒருவகையில் ரங்கையாவின் கண் இரு நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லலாம். 2015 டிசம்பர் வெள்ளமும், நகரத்துக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்ட 2019 கோடையும் சென்னை ஓவியர்களைத் தண்ணீரைப் பற்றி யோசிக்க வைத்தன. ஆனால் அந்த யோசனையின் விளைவாக வந்தவை பெரும்பாலும் நிறுவல் கலை, புகைப்படம், காணொளி. கையால் வரைந்து பார்த்தவர்கள் சிலர்தான்.

அந்தத் தண்ணீரை ஏரியாகவே பார்க்க இப்போது கருங்குழி என்ற ஊருக்கு வருகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே, ஜி.எஸ்.டி. சாலையில், படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் இடையில் இருக்கும் பேரூர். வெள்ளையர் காலத்தில் கோட்டையும் போரும் கண்ட ஊர். 1759-இல் கர்னல் கூட் பிடித்த கோட்டை அது. பக்கத்திலேயே மதுராந்தகம் ஏரி, 23.3 அடி கொள்ளளவு உயரம், கரையில் ஏரி காத்த ராமர். கொஞ்சம் மேற்கே வேடந்தாங்கல், அதையடுத்துக் கரிக்கிலி. இரண்டும் 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. வேடந்தாங்கலில் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் உத்தரவு கொடுத்தது 1790-களின் இறுதியில். டேனியல் வந்து போன சில வருடங்களுக்குள், க்விலிம் கப்பலேறுவதற்குச் சற்று முன்.

கார்த்திகை, மார்கழியில் வேடந்தாங்கல் கரையில் நின்றால் தெரிவது இதுதான். நீர்க்கடம்பு மரங்கள் அடிமரம் தெரியாமல் தண்ணீரில் நிற்கின்றன. ஒரே மரத்தில் மாடி மாடியாகக் கூடுகள். உச்சியில் மஞ்சள்மூக்கு நாரை, கீழ்க்கிளைகளில் நீர்க்காகம், நடுவே நத்தைகுத்தியும் வக்காவும். இலை முழுக்க எச்சம் விழுந்து மரம் பச்சையும் வெள்ளையுமாக இருக்கிறது. அந்த எச்சம் தண்ணீரில் கரைகிறது, தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது, நெல்லுக்கு உரமாகிறது. பறவையைக் காக்கும் ஊர் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மரம், பறவை, நீர், மதகு, நெல், மனிதன் எல்லாமே ஒரு வட்டத்துக்குள் இருக்கின்றன. வரைவதற்கு இதைவிடப் பெரிய விஷயம் இந்தக் கடலோர மாவட்டத்தில் எனக்குத் தெரியவில்லை.

வரைந்தது யார்? புகைப்படக்காரர்கள் லட்சக்கணக்கில் எடுத்துத் தள்ளுகிறார்கள். முகாமுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் வரைகிறார்கள். சென்னைக் கலை இயக்கத்தின் பெரிய ஓவியர் எவரும் ஏரியைத் தன் பொருளாக எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்ததாக நான் பார்க்கவில்லை.

இதற்கு ஒரு காரணம் ஏற்கெனவே சொன்னதுதான், நிலக்காட்சி மேல் வந்த வெறுப்பு. இரண்டாவது காரணம் சந்தை. சோழமண்டலத்தின் வாடிக்கையாளர் கடற்கரைச் சாலையில் காரில் வந்தார். மும்பை, டெல்லி காலரிகளுக்கு அரூபமும் குறியீடும் புரிந்தன, மதகும் கலங்கலும் புரிந்திருக்காது. மூன்றாவது காரணம்தான் ஆழமானது என்று எண்ணுகிறேன். ஏரி என்பது சும்மா கிடக்கும் இயற்கை இல்லை. மனிதன் கரை போட்டு, மதகு வைத்து, வருடா வருடம் தூர் வாரி வைத்துக்கொண்டது. எந்த வயலுக்கு முதலில் தண்ணீர், யார் கடைமடை, கரைக்கு மண் சுமந்தது எந்தச் சேரி, பாசனம் எந்த ஊருக்கு என்ற கேள்விகள் எல்லாம் அதில் தேங்கியிருக்கின்றன. கடலை வரைபவன் தனியாக நிற்கலாம். ஏரியை வரைபவன் வயலுக்குத் தண்ணீர் பிரித்துவிட மண்வெட்டியோடு நிற்கும் நீர்க்கட்டியையும் வரைந்தாக வேண்டும். இயற்கையை மனிதர் இல்லாத ஓர் அமைதியாக நினைத்துக்கொண்டவர்களுக்கு ஏரி தொந்தரவு கொடுக்கும். சித்தன்னவாசல் ஓவியனுக்கு இந்தத் தயக்கம் இருக்கவில்லை. அவன் குளத்துக்குள் எருமையும் ஆளும் சேர்ந்தே நிற்கிறார்கள்.

இதைச் சொல்வதால் பணிக்கரையோ வாசுதேவையோ குறைத்துப் பேசுவதாகக் கொள்ள வேண்டாம். அவர்கள் செய்யாததை வைத்து அவர்களை அளப்பது நியாயமாகாது. ஆனால் இயற்கை ஓவியம் என்ற பெயரில் நாம் எதைப் பாராட்டுகிறோம் என்பதில் கொஞ்சம் கறாராக இருக்கலாம். என் பட்டியலில் ஆதிமூலமும் பத்மினியும் மேலே இருக்கிறார்கள். ரங்கையாவும் கோவிந்துவும் அவர்களுக்குச் சமமாக. வாசுதேவின் மரம் மகத்தான கோட்டு வேலை, அதை இயற்கை என்று நான் சொல்லமாட்டேன். பணிக்கரின் ஆரம்பகால நீர்வண்ணங்கள் அவருடைய புகழ்பெற்ற படங்களின் நிழலில் அநியாயமாக ஒதுங்கிக் கிடக்கின்றன.

கலைக் கல்லூரி மாணவர்களை வெளிப்புற வரைதலுக்கு மாமல்லபுரம் அழைத்துப்போவது நெடுநாள் வழக்கம். நல்ல வழக்கம், நிறுத்த வேண்டாம். கூடவே மார்கழியிலோ தையிலோ ஒரு வாரம் ஏரிப் பக்கமும் அழைத்து வரும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து மேல்மருவத்தூர் போகும் பயணிகள் ரயில் கருங்குழியில் நிற்கிறது. காமிராவை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பறவைகள் வரைபவருக்காகக் காத்திருக்காது. பங்குனி பிறந்தால் மரங்கள் காலியாகத் தொடங்கிவிடும்.